நோவாய்

மெட்ரோவிலிருந்து மேலே ஏறியதும்
பலகையில் இருந்த பெயரை நோட்டில் எழுதினேன்: நோவாய்.
எழுதிய பிறகுதான் உறைத்தது,
தமிழில் அது யாரோ யாருக்கோ விட்ட சாபம்.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். எப்படி எழுதினாலும்
இந்த ஊர்க்காரர் வாயில் அது அப்படித்தான் விழுகிறது.

மார்செய்யில் எனக்கு ஒன்றரை நாள்.
கோட்டை இருக்கிறது, படகு இருக்கிறது என்றார்கள்.
நான் சந்தைக்கு வந்தேன்.

புதினா, கட்டுக் கட்டாய், ஈரத்தோடு.
மீன் பெட்டியில் உருகிய ஐஸ்
என் செருப்புக்குள் புகுந்து நலம் விசாரித்தது.
மரவள்ளிக்கிழங்குக்கு மெழுகு பூசியிருந்தார்கள்,
எண்ணெய் தேய்த்துக்கொண்டு
தூர தேசம் கிளம்பியவை போல.
வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தேன்.
ஒடித்தால் வாங்க வேண்டும் என்பது
மெஸியான் என்று கூப்பிடப்பட்ட அந்தக் கடைக்காரர் முகத்தில்
எல்லா மொழியிலும் எழுதியிருந்தது.
கால் கிலோ வாங்கினேன்.
ஓட்டல் அறையில் அடுப்பு கிடையாது.

பக்கத்தில் நின்ற பெண் என்னிடம் கொமோரோ மொழியில் பேசினாள்.
நான் விழிக்கவும், ரெயூனியனா என்றாள்.
மொரீஷியஸா? மடகாஸ்கரா?
இந்துமாக்கடலில் ஒவ்வொரு தீவாக என்னை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.
கோயம்புத்தூர் என்றேன்.
அது எந்தப் பக்கத்துத் தீவு என்றாள்.

வங்கிக் கடனுக்கு வீடு மதிப்பிடுவது என் வேலை.
பதினேழு வருஷமாய் மனிதரை விடச் சுவர்களைத்தான்
நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன்.
தெரு ஏற ஏறக் கண் தானாக மேலே போனது.
ஜன்னல் மூலையிலிருந்து சாய்ந்து இறங்கும் விரிசல்.
பால்கனிக்கு அடியில் ஈரம் வரைந்த தேசப்படம்.
ஒரு விரிசலின் குறுக்கே ஒட்டிய கண்ணாடிச் சில்லு,
இங்கே அதற்குச் சாட்சி என்று பெயர்.
சில்லு உடைந்தால் சுவர் இன்னும் நடக்கிறது.
உடைந்திருந்தது.
அதற்கு மேல் மாடிக் கம்பியில்
பத்தாம் நம்பர் போட்ட ஒரு சின்னச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

ஓபாஞ் தெருவில் ஓரிடத்தில் வீடுகள் நின்றுவிட்டன.
எங்கள் படிவத்தில் 'காலி மனை' என்று ஒரு கட்டம் உண்டு.
அதில் டிக் போடக் கை வராத இடம்.

அதே பெண், மூச்சு வாங்க, மரவள்ளி இலைக் கட்டோடு வந்து நின்றாள்.
ஹஸ்னாத்தி என்று பெயர் சொன்னாள்.
எட்டுப் பேர், என்றாள். மழைக்காலம். காலை ஒன்பது மணி.
கதவு மூட மாட்டேன் என்கிறது என்று
முன்பே சொன்னோம், எழுதினோம், காத்திருந்தோம்.

நூ, நூ, நூ. என் அரைகுறை பிரெஞ்சுக்கும் புரிந்த சொல்.
அதை நோட்டில் இறக்கும்போதுதான் பேனா நின்றது:
நாமா, நாங்களா?
நாங்கள் என்று எழுதினேன்.
நேற்று விமானத்தில் வந்தவள் நான்.

என் பையை எட்டிப் பார்த்தாள்.
அடுப்பு இல்லாத கதையைச் சொன்னேன்.
தெருவே திரும்பும்படிச் சிரித்தாள், பையைப் பிடுங்கிக்கொண்டாள்,
எதிர்ச் சரிவில் பச்சைக் கதவைக் காட்டி
ஒரு மணிக்குச் சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அழைப்பா, தகவலா?
பிரெஞ்சில் கேட்டதை அப்படியே வாங்கி
சாப்பிடுவோம் என்று மட்டும் எழுதினேன்,
முன்னால் எதுவும் போடாமல்.
நம் வினைமுற்றும் வாயைத் திறக்கவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.
தொப்பி போட்ட ஒரு ஜோடி வரைபடத்தோடு வந்து
என்னிடம் துறைமுகத்துக்கு வழி கேட்டார்கள். என்னிடம்.
தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம், என்று
பள்ளத்தைக் காட்டினேன். நன்றி சொல்லி இறங்கினார்கள்.

ஒன்றுக்கு ஐந்து நிமிஷம்.
பச்சைக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து
மெல்லத் தள்ளிப் பார்த்தேன், தொழில் புத்தி.
நிலையில் எங்கும் உரசாமல் திறந்தது.